துன் வீ. தி. சம்பந்தன் அவர்களின் வாழ்வும் பணியும்

நமது நாட்டின் சுதந்திர வரலாற்றைப் பேசும்போது துங்கு அப்துல் ரஹ்மான், டான் செங் லோக், சம்பந்தன் என்று மூன்று பெயர்களைச் சேர்த்துச் சொல்வது வழக்கம். முதல் இரு பெயர்களைப் பற்றியும் நம் பிள்ளைகள் ஓரளவு படித்திருக்கிறார்கள். மூன்றாவது பெயரோ கோலாலம்பூரில் ஒரு ரயில் நிலையத்தின் பெயராகவும், பிரிக்பீல்ட்ஸ் பகுதியிலுள்ள ஒரு பெரிய வீதியின் பெயராகவும் மட்டுமே அவர்களுக்குத் தெரிகிறது. அந்தப் பெயருக்கு உரியவர் நமது பேராக் மாநிலத்தின் மண்ணில் பிறந்தவர் என்பதும், ரப்பர் தோட்டங்களில் வாழ்ந்த நம் மக்களின் கூரை பறிபோகாமல் காக்கப் பாடுபட்டவர் என்பதும் மறக்கப்பட்டு வருகின்றன.

முஸ்லிம் சங்கத்தின் இதழில் ஓர் இந்துப் பெரியாரின் வரலாறு எதற்கு என்று சிலர் கேட்கலாம். நீதியோடு நடந்தவர் எவராயினும் அவருக்காக உண்மைச் சாட்சி சொல்ல வேண்டும் என்பது நமது மார்க்கம் நமக்குக் கற்பித்த பாடம். அதுவுமன்றி, தோட்டத்து மக்களின் வாழ்வும் நம்மவரின் வியாபாரமும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டிருந்தவை. தோட்டத்தில் சம்பளம் போட்டால் கடையில் கணக்குத் தீரும். தோட்டம் படுத்தால் கடையும் படுக்கும். ஆகையால் அவர் வரலாறு நம் வரலாற்றின் ஒரு பக்கமேயாகும்.

பிறப்பும் கல்வியும்

சம்பந்தன் அவர்கள் 1919ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள் சுங்கை சிப்புட்டில் பிறந்தார். ஈப்போவிலிருந்து கோலகங்சார் செல்லும் பாதையில் உள்ள அவ்வூர் அக்காலத்தில் நாற்புறமும் ரப்பர் மரங்கள் சூழ்ந்த ஊராகும். இவருடைய தந்தையார் வீரசாமி அவர்கள் 1896இல் தமிழகத்திலிருந்து மலாயாவுக்கு வந்து, உழைத்து முன்னேறி, ரப்பர் தோட்டங்களுக்கு உரிமையாளரானவர். வெள்ளைக்காரத் துரைமார்களே தோட்ட முதலாளிகளாக இருந்த காலத்தில் ஒரு தமிழர் அந்நிலையை அடைந்தது சாதாரண விஷயமல்ல. தம்மிடம் வேலை செய்த மக்களின் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பள்ளியும், குடியிருக்கத் தக்க வீடுகளும் அமைத்துக் கொடுத்தவர் என்ற நற்பெயர் அவருக்கு உண்டு.

இப்படிப்பட்ட வீட்டில் பிறந்த பிள்ளை தோட்டத்தை இரண்டு பக்கத்திலிருந்தும் பார்த்து வளர்ந்தது. முதலாளி வீட்டுத் திண்ணையும் தெரியும். லயத்துக் கூரையும் தெரியும். கோலகங்சார் கிளிபர்ட் பள்ளியில் ஆங்கிலம் படித்தபோதே, தமிழையும் முறையாகக் கற்றார். பின்னர் சிதம்பரத்திலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்குச் சென்று படித்தார். அது இந்தியாவில் காங்கிரஸ் இயக்கம் கிராமம் கிராமமாகப் பரவியிருந்த காலம். அந்நிய ஆட்சி நிலையானதல்ல, மக்கள் ஒன்றுகூடினால் அதை அகற்ற முடியும் என்ற எண்ணம் அவர் மனத்தில் வேரூன்றியது அங்கேதான். காந்தியடிகளிடத்தில் அவர் கொண்ட பற்று இறுதிவரை மாறவில்லை. 1954இல் சுங்கை சிப்புட்டில் அவர் முயற்சியால் எழுந்த தமிழ்ப் பள்ளிக்கு மகாத்மா காந்தி கலாசாலை என்றே பெயர் சூட்டப்பட்டது. ஜவஹர்லால் நேருவின் சகோதரியார் விஜயலட்சுமி பண்டிட் அதைத் திறந்து வைத்தார்.

யுத்தத்துக்குப் பின் மலாயா

ஜப்பானியர் காலம் முடிந்தபோது நம் மக்கள் நொந்துபோயிருந்தார்கள். சயாம் ரயில்பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்ட தோட்டத்து ஆண்கள் பலர் திரும்பவில்லை. 1946இல் ஜான் திவி அவர்களைத் தலைவராகக் கொண்டு மலாயா இந்தியர் காங்கிரஸ் தோன்றியது. 1948 ஜூன் 16ஆம் நாள் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதைத் தொடர்ந்து நாடெங்கும் அவசரகாலம் பிறந்தது. பன்னிரண்டு ஆண்டுகள், 1960வரை அது நீடித்தது. சம்பந்தனின் பிறந்த ஊரே அந்தத் தீயின் முதல் பொறி விழுந்த ஊராயிற்று. துப்பாக்கியால் நியாயம் தேடுவோர் ஒருபுறம், சந்தேகத்தால் எவரையும் பிடித்து அடைக்கும் சர்க்கார் மறுபுறம். இரண்டுக்கும் நடுவே அகப்பட்டுத் தவித்தவர்கள் ஏழைத் தொழிலாளர்கள். சட்டத்துக்கு உட்பட்டு, வாக்குச் சீட்டின் வழியாகவே உரிமை பெறவேண்டும் என்று நம்பியவர்களின் வரிசையில் அவர் நின்றார்.

அந்நாள்வரை இந்தியர் காங்கிரசின் தலைமை பெரும்பாலும் ஆங்கிலம் படித்த வக்கீல்கள், உத்தியோகஸ்தர்கள் கையில் இருந்தது. கூட்டங்களும் ஆங்கிலத்திலேயே நடந்தன. தோட்டத்தில் பால் வெட்டும் மனிதனுக்கு அந்தக் கட்சி இருப்பதே தெரியாது. 1954இல், கே. எல். தேவாசர் அவர்கள் தலைவராயிருந்தபோது, கட்சி அம்னோவும் மலாயா சீனர் சங்கமும் சேர்ந்த கூட்டணியில் இணைந்தது. அடுத்த ஆண்டு, 1955இல், சம்பந்தன் ஐந்தாவது தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அப்போது அவருக்கு வயது முப்பத்தாறுகூட நிறையவில்லை. கட்சி தோட்டங்களுக்குள் போயிற்று, தமிழில் பேசிற்று. பதினெட்டு ஆண்டுகள் அவர் அந்தப் பொறுப்பில் இருந்தார்.

நூற்றுக்கு ஐந்து

1955 ஜூலை 27ஆம் நாள் நடைபெற்ற முதல் பொதுத் தேர்தலின் கணக்கை நம் வியாபாரிகள் சற்று நிதானித்துப் பார்க்க வேண்டும். வாக்காளர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 84 பேர் மலாய்க்காரர்கள். இந்தியர்களோ நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லை. ஜனத்தொகையில் நூற்றுக்குப் பதினொருவராக, சுமார் 7 லட்சம் பேர் இந்தியர்கள் இருந்தும், பிரஜா உரிமை இல்லாத காரணத்தால் வாக்குரிமையும் இல்லை. கூட்டணி 52 இடங்களில் 51ஐ வென்றது. வட கிந்தா தொகுதியில் கூட்டணி அபேட்சகராக நின்று சம்பந்தன் வெற்றி பெற்றார். துங்கு அமைத்த முதல் மந்திரி சபையில் அவர் ஒருவரே இந்தியர். தொழில் மந்திரிப் பதவி அவருக்குக் கிடைத்தது.

கையில் சரக்குக் குறைவாக உள்ள வியாபாரி சந்தையில் எப்படி நிற்பான்? விலையை அவன் நிர்ணயிக்க முடியாது. நாணயத்தையும் உறவையும் கொண்டே பேரம் பேசவேண்டும். சம்பந்தன் அவர்களின் அரசியலும் அத்தகையதே. மிரட்டிப் பெறுவதற்கு அவர் பின்னால் வாக்குகள் இல்லை. எனவே துங்குவின் நம்பிக்கையைப் பெற்று, அமைதியாகக் கேட்டுப் பெறும் வழியை அவர் தேர்ந்துகொண்டார். இதை மென்மை என்று புகழ்ந்தவரும் உண்டு. பலவீனம் என்று இகழ்ந்தவரும் உண்டு.

நமது ஈப்போவிலேயே அதற்கு எதிரான வழியும் இருந்தது. டி. ஆர். சீனிவாசகம், எஸ். பி. சீனிவாசகம் என்ற வக்கீல் சகோதரர்கள் மக்கள் முற்போக்குக் கட்சியை நடத்தி, பார்லிமெண்டில் எதிர்வரிசையில் அமர்ந்து சர்க்காரைக் கேள்விகளால் துளைத்தார்கள். 1959 தேர்தலில் அவர்கள் கட்சி நான்கு பார்லிமெண்ட் இடங்களைக் கைப்பற்றியது. டி. ஆர். பெயரால் ஒரு பூங்காவும் எஸ். பி. பெயரால் ஒரு வீதியும் நம் நகரில் உள்ளன. உள்ளே இருந்து பேசுவதா, வெளியே நின்று போராடுவதா என்று அந்நாளில் ஈப்போவின் காப்பிக் கடைகளில் நடந்த வாதங்கள் கொஞ்சநஞ்சமல்ல. இருவகையாரும் சட்டத்துக்கு உட்பட்டே நின்றார்கள் என்பதும், சிறுபான்மையினருக்கு இருவகையாருமே தேவை என்பதும் நமது தாழ்மையான கருத்து.

சுதந்திரமும் பிரஜா உரிமையும்

1956இல் ரீட் பிரபு தலைமையில் அரசியல் சட்டக் கமிஷன் அமர்ந்தது. 1957இல் சுதந்திர ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்களுள் சம்பந்தனும் ஒருவர். அவ்வாண்டு ஆகஸ்ட் 31ஆம் நாள் மெர்டேக்கா பிறந்தது. அன்றுமுதல் இந்நாட்டில் பிறக்கும் பிள்ளைகளுக்குப் பிறப்பினாலேயே பிரஜா உரிமை என்ற விதி சட்டத்தில் இடம் பெற்றது. அதற்குமுன் பிறந்தவர்களும், கப்பலேறி வந்தவர்களும், வசித்த ஆண்டுகளின் கணக்கு, மலாய் மொழி அறிவு, விசுவாச உறுதி ஆகியவற்றைக் காட்டி மனுச்செய்து பெறவேண்டும். மெர்டேக்காவை அடுத்த ஓராண்டுக் காலத்தில் மனுச் செய்தோரில் பலருக்கு மொழித் தேர்வு தளர்த்தப்பட்டிருந்தது.

பெருத்த எண்ணிக்கையில் மலாய்க்காரர் அல்லாதார் பிரஜைகளாகக் கூடிய வழி இவ்வாறு திறந்தது. மலாய்க்காரரின் தனிச் சலுகையும், மலாய் மொழியின் தேசிய அந்தஸ்தும் ஏற்கப்பட்டன. இது கொடுத்து வாங்கிய கணக்கு. வாங்கியது குறைவு, கொடுத்தது அதிகம் என்று பின்னாளில் சொன்னவர்கள் உண்டு. ஆனால் நூற்றுக்கு ஐந்து வாக்குக்கூட இல்லாத சமூகத்தின் பிரதிநிதி, தம் மக்களின் பிள்ளைகளுக்கு இந்நாட்டில் பிறந்த உரிமையை எழுத்தில் வாங்கினாரா இல்லையா என்பதே முதற்கேள்வி. வாங்கினார் என்றுதான் நாம் சொல்வோம்.

திறந்த கதவின் வழியாக எத்தனை பேர் நுழைந்தார்கள் என்பது வேறு கதை. மனுவை நிரப்பிக் கொடுங்கள் என்று தோட்டந்தோறும் சொல்லப்பட்டது. கடைத்தெருவில் நம்மவரிலும் பலர் அதைப் பொருட்படுத்தவில்லை. மனைவி மக்கள் ஊரில். நிலமும் வீடும் ஊரில். மூன்றாண்டுக்கு ஒருமுறை சபர் போய்வரும் வாழ்க்கை. இந்தியப் பாஸ்போர்ட்டை விட்டுவிட்டால் ஊரிலுள்ள சொத்து என்னவாகும் என்ற அச்சம் ஒருபுறம். சிவப்பு அடையாள அட்டை போதுமே என்ற அலட்சியம் மறுபுறம். அதன் விலை என்ன என்பது பன்னிரண்டு ஆண்டுகள் கழித்துத் தெரிந்தது. அதைப் பின்னே சொல்வோம்.

மந்திரிப் பணி

தொழில் மந்திரியாக இரண்டாண்டும், பின்பு சுகாதார மந்திரியாக இரண்டாண்டும் இருந்த சம்பந்தன், 1959இல் பொதுப்பணி, தபால், தொலைத்தொடர்பு மந்திரியானார். 1971வரை அத்துறையைப் பார்த்தார். அதே 1959 முதல் அவருடைய தொகுதி சுங்கை சிப்புட். சுதந்திரம் பெற்ற புது நாட்டில் சாலைகளும் பாலங்களும் தபால் நிலையங்களும் தொலைபேசிக் கம்பிகளும் பெருகிய காலம் அது. வியாபாரிக்குச் சாலையும் தொலைபேசியும் என்ன செய்யும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

ஒன்றைமட்டும் தனியாகக் குறிப்பிடுவோம். கோலாலம்பூரில் நிமிர்ந்து நிற்கும் தேசியப் பள்ளிவாசல் 1965 ஆகஸ்ட் 27ஆம் நாள் திறக்கப்பட்டது. 73 மீட்டர் உயர மினாராவும், விரிந்த குடையைப்போன்ற கூரையும் கொண்ட அந்த அல்லாஹ்வின் இல்லத்தை வரைந்தவர்கள் பொதுப்பணி இலாகாவைச் சேர்ந்த கட்டடக் கலைஞர்கள். ஹாவர்ட் ஆஷ்லி, ஹிஷாம் அல்பக்ரி, பஹாருடின் காசிம் என்பவர்கள் அவர்கள். அந்த இலாகாவுக்கு அப்போது மந்திரியாயிருந்தவர் சம்பந்தன். நெற்றியில் திருநீறணியும் குலத்தில் பிறந்த ஒருவரின் இலாகாவில், நாட்டின் தலைமைப் பள்ளிவாசல் எழுந்தது. நாம் அங்கே தொழப் போகும்போது இதையும் நினைத்துக்கொள்வது நன்று.

அவருடைய கட்சியில் நம் சமூகத்தவருக்கும் இடமிருந்தது. வர்த்தகர் எஸ். ஓ. கே. உபைதுல்லா அவர்கள் ம.இ.கா.வின் முன்னணித் தலைவர்களில் ஒருவராகவும், மேலவை உறுப்பினராகவும் விளங்கி, வர்த்தக சங்கங்களின் வாயிலாக நம்மவரின் குறைகளை எடுத்துச் சொன்னவர். இந்திய முஸ்லிம்களுக்கெனத் தனிக் கட்சியாகக் கிம்மா தோன்றியது 1976இல்தான். அதுவரை நம்மவரில் அரசியலில் ஈடுபட்டோர் பலருக்கு ம.இ.கா.வே கூரையாயிருந்தது.

தோட்டத் துண்டாடல்

இனி அவர் வாழ்வின் முக்கியமான பணிக்கு வருவோம்.

கொரியா யுத்தத்தின்போது ரப்பர் விலை ஏறியது; பின்பு இறங்கியது. அவசரகாலத்தின் தொல்லை, சுதந்திரத்துக்குப்பின் என்ன நடக்குமோ என்ற ஐயம், இவற்றால் வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல தங்கள் தோட்டங்களை விற்க முற்பட்டன. இரண்டாயிரம் மூவாயிரம் ஏக்கரை ஒருவரே வாங்குவது அரிது. ஆகவே, தரகர்களும் பணக்காரர்களும் கூட்டுச் சேர்ந்து தோட்டத்தை மொத்தமாக வாங்கினார்கள். பிறகு ஐந்து ஏக்கர், பத்து ஏக்கர் என்று வெட்டிச் சில்லறையாக விற்று இலாபம் பார்த்தார்கள். மொத்தத்தில் வாங்கிச் சில்லறையில் விற்பது வியாபாரத்தில் தவறல்ல. ஆனால் இங்கே வெட்டப்பட்ட சரக்குக்குள் மனிதர்கள் இருந்தார்கள்.

முழுத்தோட்டமாக இருந்தவரை லயம் இருந்தது, தண்ணீர்க் குழாய் இருந்தது, மருந்துக்கொட்டகை இருந்தது, பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பள்ளி இருந்தது, மாதச் சம்பளம் இருந்தது. துண்டுபோட்ட பின்னர் நூறு முதலாளிகள், ஒருவரும் பொறுப்பில்லை. சிலர் தம் குடும்பத்தைக் கொண்டே பால் வெட்டினார்கள். சிலர் கண்டிராக்டரிடம் விட்டுவிட்டார்கள். மூன்று தலைமுறையாக அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் சட்டி பானையோடு சாலையோரத்துக்கு வந்தார்கள். 1951 முதல் 1960வரை நடந்த இந்தத் துண்டாடலைப்பற்றிப் பேராசிரியர் உங்கு அசீஸ் அவர்கள் ஆராய்ந்து எழுதிய அறிக்கை 1962இல் வெளியாயிற்று. பி. பி. நாராயணன் அவர்களின் தோட்டத் தொழிலாளர் சங்கமும் துண்டாடலைத் தடைசெய்யக் கோரியது. ஆனால் சொத்தை விற்கும் உரிமையில் கைவைக்கச் சர்க்கார் தயங்கியது.

இதில் நம் கடைகளும் அடிபட்டன. தோட்டத்து ஜனங்களை நம்பிய சிறு பட்டணங்களில் அரிசி, மிளகாய், துணி யாவும் கடனுக்கே போகும். சம்பள நாளில் வசூலாகும். ஆட்கள் சிதறியபோது கடன் புத்தகம் வெறும் காகிதமாயிற்று. கொடுக்க மனமிருந்தும் கொடுக்க வழியில்லாதவனிடம் போய் எதைக் கேட்பது? கடையைப் பூட்டிவிட்டு ஈப்போவுக்கும் பினாங்குக்கும் வேலை தேடி வந்த நம்மவர் அந்நாளில் பலர்.

பத்துப் பத்து வெள்ளியாக

சட்டத்தால் தடுக்க முடியாததைச் சரக்கை வாங்கியே தடுப்பது என்று சம்பந்தன் எண்ணினார். விற்கப்படும் தோட்டத்தை அங்கே வேலை செய்யும் தொழிலாளர்களே சேர்ந்து வாங்கிவிட்டால் என்ன? 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் உருவாயிற்று. தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகச் செலுத்திப் பங்குதாரர் ஆவது. சேர்ந்த பணத்தை முதலாக வைத்துத் தோட்டம் வாங்குவது. தோட்டத்தைத் துண்டுபோடாமல் முழுதாக நடத்துவது. வேலையும் வீடும் அப்படியே இருக்கும், இலாபத்தில் பங்கும் வரும் என்பது திட்டம். மதரஸாவில் ஓதியவர்கள் இதை முஷாரகா என்று எளிதில் புரிந்துகொள்வார்கள். பலர் முதல் போட்டு, இலாப நட்டத்தில் பங்கு கொள்ளும் கூட்டு வியாபாரம் இது.

சொல்வது எளிது. நாட்கூலி சில வெள்ளிகளே பெற்ற காலத்தில் பத்து வெள்ளி என்பது பெருந்தொகை. சீட்டுப் பிடித்து ஏமாந்தவர்கள், சந்தா கொடுத்து இரசீதுகூடப் பெறாதவர்கள், யாரை நம்புவார்கள்? மந்திரியாக இருந்தவர் தோட்டம் தோட்டமாகப் போய், தமிழில் எடுத்துச் சொல்லிப் பங்கு சேர்த்தார். கே. ஆர். சோமசுந்தரம் போன்றவர்கள் அவருக்குத் துணை நின்றார்கள். கெடா மாநிலத்திலுள்ள புக்கிட் சிடிம் தோட்டம், ஏறத்தாழ 3,000 ஏக்கர், முதலில் வாங்கப்பட்டது. அது துண்டாகாமல் தப்பியதைக் கண்ணால் கண்டபிறகு மற்ற இடங்களிலும் நம்பிக்கை பிறந்தது. பிறகு ஒன்றன்பின் ஒன்றாகத் தோட்டங்கள் சேர்ந்தன. உறுப்பினர்கள் பல்லாயிரக்கணக்கில் பெருகினார்கள்.

இங்கே நியாயமான குறையையும் சொல்லிவிட வேண்டும். சங்கம் காப்பாற்றிய தோட்டங்களைவிடக் காப்பாற்ற முடியாமல் போனவையே மிக அதிகம். பேராக்கிலும் எத்தனையோ தோட்டங்கள் துண்டாகிப் போயின. மிச்சமிருந்தவற்றிலும் ரப்பர் மரத்தை வெட்டிச் செம்பனை நட்டார்கள். பின்பு பட்டணத்தை ஒட்டிய நிலம் வீடமைப்புக்குப் போயிற்று. ஈப்போவைச் சுற்றி வரிசை வீடுகள் நிற்கும் இடங்களில் எத்தனை ஒருகாலத்தில் பால்மரக் காடாக இருந்தன என்பதை முதியோர் அறிவர். அங்கிருந்தவர்களுக்கு ஒரு தோட்டத் தலைவரின் நல்லெண்ணம் மட்டும் போதவில்லை. ஆயினும், ஏழைகளின் சிறு பணத்தைச் சேர்த்து, அதை விழுங்காமல், நிலமாக மாற்றி அவர்கள் பெயரிலேயே வைத்தது சிறு காரியமல்ல. நம் சமூகத்தில் தொடங்கப்பட்டு அழிந்துபோன கூட்டு ஸ்தாபனங்களை எண்ணிப் பார்த்தால் இதன் அருமை விளங்கும். பிறர் பணம் அமானத். அதைக் காப்பவனே தலைவன்.

1969

1969 மே மாதத் தேர்தலில் கூட்டணி பலத்த அடி வாங்கியது. பேராக் சட்டசபையின் 40 இடங்களில் கூட்டணிக்குக் கிடைத்தவை 19 மட்டுமே. சம்பந்தன் தம் தொகுதியைக் காத்துக்கொண்டார். மே 13ஆம் நாள் தலைநகரில் கலவரம் மூண்டது. பார்லிமெண்ட் நிறுத்தி வைக்கப்பட்டு, 1971 பிப்ரவரியில்தான் மீண்டும் கூடியது.

அவ்வேளையில் 1968இல் இயற்றப்பட்ட வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் அமலுக்கு வந்தது. பிரஜை அல்லாதவர் வேலை செய்யப் பெர்மிட் வேண்டும் என்றாயிற்று. சிவப்பு அட்டை வைத்திருந்த தோட்டத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் கப்பலேறினார்கள். இங்கேயே பிறந்த பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, தாம் பார்த்தறியாத ஊருக்குப் போனவர்கள் உண்டு. நம்மவரில் கடைச் சிப்பந்திகளும், சிறு பங்குதாரர்களும் பெர்மிட்டுக்காக அலைந்ததும், கிடைக்காமல் கடையைக் கைமாற்றிவிட்டு ஊர் திரும்பியதும் பல குடும்பங்களின் வரலாறு. 1957இல் நிரப்பாமல் விட்ட ஒரு காகிதத்தின் விலை அதுதான்.

சம்பந்தன் இதைத் தடுத்து நிறுத்தியிருக்க வேண்டும் என்ற குற்றச்சாட்டு அந்நாளில் எழுந்தது. மந்திரி சபைக்குள் அவர் பேசிப் பார்த்திருக்கலாம். காலம் அவருக்குச் சாதகமாக இல்லை. அமைதியாகக் கேட்டுப் பெறும் அரசியலுக்கு ஓர் எல்லை உண்டு என்பதை அந்த ஆண்டுகள் காட்டின. இதை மறைத்து எழுதினால் அது வரலாறாகாது.

பதவியை விட்டபோது

1972இல் அவர் தேசிய ஒற்றுமை மந்திரியானார். அதற்குள் கட்சியில் உட்பூசல் முற்றியிருந்தது. துணைத்தலைவர் மாணிக்கவாசகம் அவர்களின் தரப்பும் தலைவர் தரப்பும் பிரிந்து நின்றன. பிரதமர் துன் ரசாக் தலையிட்டுச் சமரசம் செய்தார். அதன்படி 1973 ஜூன் இறுதியில் சம்பந்தன் தலைவர் பதவியிலிருந்து விலகினார்; மாணிக்கவாசகம் தலைவரானார். பதினெட்டு ஆண்டு காலத் தலைவர், கட்சியைப் பிளந்து புதுக் கட்சி தொடங்கவில்லை. 1974 தேர்தலில் அவர் போட்டியிடவில்லை. சுங்கை சிப்புட் தொகுதியில் அவருக்குப்பின் சாமிவேலு வந்தார். பிறகு தேசிய ஒற்றுமை வாரியத்தின் தலைவராகச் சம்பந்தன் பணிபுரிந்தார். கூட்டுறவுச் சங்கத்தை மட்டும் அவர் விடவில்லை.

1979ஆம் ஆண்டு மே 18ஆம் நாள் அவர் காலமானார். அறுபது வயது நிறைய இன்னும் ஒரு மாதம் இருந்தது. துணைவியார் உமாசுந்தரி அவர்களும் ஒரு மகளும் அவர் குடும்பத்தார். தோட்ட முதலாளி வீட்டுப் பிள்ளையாக அரசியலுக்குள் நுழைந்தவர், வெளியேறும்போது சொத்தைக் குறைத்துக்கொண்டு போனார் என்று அவரை அறிந்தோர் சொல்வது வழக்கம். நுழையும்போது வெறுங்கையும், வெளியேறும்போது மாளிகையுமாக இருக்கும் அரசியல்வாதிகளைக் கண்ட நமக்கு இது அதிசயமாகத் தோன்றலாம். கோலாலம்பூரில் கூட்டுறவுச் சங்கத்தின் தலைமைக் கட்டடம் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

நமக்குள்ள பாடம்

வாசக அன்பர்களே, இந்த வரலாற்றிலிருந்து வியாபாரிகளாகிய நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை சில உண்டு.

முதலாவது, காகிதம். பிறப்புப் பத்திரம், அடையாள அட்டை, திருமணப் பதிவு ஆகியவற்றை உரிய காலத்தில் முடிப்பது சோம்பலுக்கு இடங்கொடுக்கக் கூடாத கடமை. பழைய தோட்டத்துக் குடும்பங்களில் உரிய பத்திரமின்றிப் பள்ளிக்கும் வேலைக்கும் தவிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் நம் வாடிக்கைக்காரரின் பேரப்பிள்ளைகள். மனு எழுதத் தெரிந்த ஒருவர் நம் கடையில் இருந்தால், வாரத்தில் ஒரு மணிநேரம் அதற்கு ஒதுக்கினால், அதைவிடப் பெரிய தர்மம் வேறில்லை.

இரண்டாவது, சிறு பணம். பத்து வெள்ளியைப் பத்தாயிரம் பேர் கொடுத்தால் லட்சம் வெள்ளி. ஆயினும் அது சேர்வதற்குக் கணக்கைத் திறந்து காட்டும் நாணயஸ்தர் தேவை. நமது சங்கத்தின் கல்வி நிதியும் அப்படியே. கொடுப்பவர் கணக்குக் கேட்கவேண்டும். வாங்குபவர் கேட்குமுன் காட்டவேண்டும்.

மூன்றாவது, எண்ணிக்கையில் சிறியவர்களாகிய நாம் அண்டை அயலாரின் நம்பிக்கையைக் கொண்டே வாழ்கிறோம். அந்த நம்பிக்கையைச் சம்பாதிக்க வேண்டும். அதேவேளையில், நியாயத்தைக் கேட்க வேண்டிய இடத்தில் வாய் மூடியிருக்கவும் கூடாது. இவ்விரண்டுக்கும் நடுவே வழி கண்டு நடப்பது கடினம். சம்பந்தன் அவர்களுக்கும் அது கடினமாகவே இருந்தது. சில இடங்களில் வென்றார், சில இடங்களில் வெல்லவில்லை. ஏழைகள் நம்பிக் கொடுத்த பணத்தை நிலமாக்கிக் காத்தார் என்பது மட்டும் எவரும் மறுக்க முடியாத கணக்கு.

எல்லாம் வல்ல அல்லாஹ் நம் கைகளில் ஒப்படைக்கப்படும் அமானத்துக்களை நாமும் குறைவின்றித் திருப்பிச் செலுத்தும் பேற்றை நம் அனைவருக்கும் அருள்வானாக. ஆமீன்.